காலைக் கூட்டத்தில் தனியே நிற்பது யார்?

அரசுப் பள்ளியும் மதமும் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

கேள்வி: அரசுப் பள்ளியில் மதத்துக்கு இடம் உண்டா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– பலசரக்குக் கடைக்காரர், கரூர்

பதில்: மதத்தைப் பற்றிச் சொல்லித் தரலாம். மதத்தைச் சொல்லித் தரக் கூடாது. ‘பற்றி’ என்ற அந்த ஒரு சொல்லைத் தாண்டினால் வகுப்பறை வழிபாட்டுக்கூடம் ஆகிவிடும்.

கேள்வி: சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? ஆசிரியர் ஓய்வறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– பட்டதாரி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவைப் படியுங்கள், சிறியதுதான். பள்ளிகளை அது மூன்று வகையாகப் பார்க்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை அறவே கூடாது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி எல்லாம் இதில் அடக்கம். மதபோதனை வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓர் அறக்கட்டளை தொடங்கி, அரசு நிர்வாகத்தில் இருக்கும் நிறுவனம் என்றால் அந்தத் தடை கிடையாது. மூன்றாவது, அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்று மற்றவர்கள் நடத்தும் பள்ளி. அங்கே மதவகுப்பு நடத்தலாம். ஆனால் எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தி அதில் உட்கார வைக்க முடியாது. வயதுக்கு வராத பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதிக்க வேண்டும். இந்த மூன்றாவது விதியைத்தான் பெற்றோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்மதம் என்பது கேட்டு வாங்க வேண்டியது. பெற்றோர் வாய் திறக்காததைச் சம்மதமாக எழுதிக்கொள்வது முறையாகாது.

கேள்வி: அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு மதத்தின் மேல் அப்படியென்ன கோபம்?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: கோபமே இல்லை. அதை எழுதிய அரசியல் நிர்ணய அவையில் பக்திமான்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 1948 டிசம்பரில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் சொன்ன காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. ஒரு மதத்தை வளர்க்க எல்லோரிடமும் வரி வாங்கக் கூடாது. அதோடு, மதங்களும் அவற்றின் உட்பிரிவுகளும் இத்தனை இருக்கும் நாட்டில் எல்லாவற்றையும் சொல்லித் தரப் பள்ளியால் முடியாது.

நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு பாடவேளை 40 நிமிடம். இந்து சமயம் என்றால் சைவமா, வைணவமா? வைணவம் என்றால் வடகலையா, தென்கலையா? கிறிஸ்தவம் என்றால் கத்தோலிக்கமா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா? ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டுப் பிள்ளைக்கு எந்த நூல்? யாருடையதை எடுத்தாலும், மற்றப் பிள்ளைகள் அந்த 40 நிமிடமும் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருப்பார்கள். ஆசிரியர் கையில் இருக்கும் சாக்பீஸ் எல்லோர் காசிலும் வாங்கியது.

கேள்வி: எங்கள் பள்ளியில் காலைக் கூட்டத்தை இன்னமும் ‘இறைவணக்கக் கூட்டம்’ என்றுதான் சொல்கிறோம். பெயரை மாற்ற வேண்டுமா?
– தலைமையாசிரியை, ஆரணி

பதில்: பெயரைவிட உள்ளே நடப்பது முக்கியம். தமிழ்த்தாய் வாழ்த்து, கொடி வணக்கம், உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு, நாட்டுப்பண் என்று போனால் எந்தப் பிள்ளைக்கும் சங்கடம் இல்லை. இடையில் ஒரு மதத்தின் பாட்டு நுழைந்தால், ‘காலைக் கூட்டம்’ என்று பலகையில் எழுதி வைத்தாலும் அது வழிபாடுதான். உங்களால் முடிந்தால் பெயரையும் மாற்றிவிடுங்கள். ‘காலைக் கூட்டம்’ என்பது நல்ல தமிழ். யாரையும் வெளியே நிறுத்தாத தமிழ்.

கேள்வி: தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும் வணக்கம் இல்லையா? மொழியைத் தெய்வமாக்கிப் பாடுவதும் ஒரு வழிபாடுதானே?
– ஓய்வுபெற்ற தபால்காரர், மன்னார்குடி

பதில்: நியாயமான கேள்வி. மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்தில் அந்தப் பாடல் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வருகிறது. 1970இல் அரசு அதை ஏற்றபோது, தமிழைப் பரம்பொருளோடு ஒப்பிடும் வரிகளையும், பிற மொழிகள் தமிழிலிருந்து பிறந்ததாகச் சொல்லும் வரிகளையும் விட்டுவிட்டது. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. மீதமுள்ளது மொழிக்கும் நிலத்துக்குமான வாழ்த்து. அதற்கும் வாய் திறக்க மனம் ஒப்பாத பிள்ளை இருந்தால், மரியாதையாக எழுந்து நிற்பதே போதும். ஏன் போதும் என்பதற்கு அடுத்த கேள்வியில் பதில் இருக்கிறது.

கேள்வி: எல்லோரும் பாடும்போது ஒரு பிள்ளை மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றால் அது ஒழுங்கீனம் இல்லையா?
– உடற்கல்வி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: 1985இல் கேரளத்துப் பள்ளி ஒன்றில் மூன்று பிள்ளைகள் அப்படித்தான் நின்றார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். நாட்டுப்பண் ஒலிக்கும்போது எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பின் சாரம்: மரியாதையாக நிற்பது அவமதிப்பு ஆகாது, பாடும்படி வற்புறுத்துவது பிள்ளையின் மனச்சான்றில் கை வைப்பது.

நாட்டுப்பண்ணுக்கே அப்படி என்றால், ஒரு மதத்தின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். பள்ளியில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: இதில் சேர முடியாமல் தனியே நிற்கப் போகும் பிள்ளை யார்?

கேள்வி: விருப்பம் இல்லாதவர்கள் வெளியே போய்க்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது அல்லவா?
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: பெரியவர்களுக்குத் தீரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அங்கேதான் பிரச்சினை தொடங்கும். நாற்பது பேர் கண்கள் பார்க்க எழுந்து வெளியே போவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 சொற்களில் ஒரு பொதுப் பிரார்த்தனை எழுதிக் கொடுத்தது. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளவும் வழி இருந்தது. அப்படியும் 1962இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிரார்த்தனை எழுதுவது அரசின் வேலை இல்லை என்பது தீர்ப்பு. இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1944 சட்டம் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் தினசரி கூட்டு வழிபாட்டைக் கட்டாயமாக்கியது; பெற்றோர் கேட்டுக்கொண்டால் பிள்ளைக்கு விலக்கு உண்டு. அந்த விதி இன்றும் இருக்கிறது. பிரான்ஸ் 2004இல் மறு எல்லைக்குப் போய், அரசுப் பள்ளி மாணவர்கள் பளிச்சென்று தெரியும் மத அடையாளம் எதையும் அணியக் கூடாது என்றது. மூன்றில் எனக்கு உடன்பாடானது முதலாவது. அரசு தன் வாயை மூடிக்கொண்டது. பிள்ளையின் வாயை மூடவில்லை.

கேள்வி: ஹிஜாப், திருநீறு, சிலுவைச் சங்கிலி, கைக்கயிறு. இவற்றில் எது சரி, எது தவறு?
– செவிலியர், வாணியம்பாடி

பதில்: பள்ளிச் சுவர் அரசுடையது; நெற்றியும் தலையும் பிள்ளையுடையவை. சுவரில் ஒரு மதத்தின் படம் வேண்டாம். பிள்ளையின் நெற்றியை அழிக்கவும் வேண்டாம்.

கர்நாடகத்தில் 2022 பிப்ரவரியில் வந்த சீருடை ஆணையால் ஹிஜாப் அணிந்த மாணவிகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஆணையை ஏற்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். ஹேமந்த் குப்தா ஆணை செல்லும் என்றார். சுதான்ஷு துலியா செல்லாது என்றார். பெண்ணின் படிப்பு முக்கியமா, சீருடை விதி முக்கியமா என்ற துலியாவின் கவலையே என் கவலையும். துணிக்காக ஒரு பெண் படிப்பை விட்டால், தோற்றது பள்ளிதான்.

சாதிக்கயிறு வேறு கதை. அது கடவுளுக்காகக் கட்டியதில்லை, பக்கத்துப் பெஞ்சுப் பையனுக்குக் காட்டக் கட்டியது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை மறக்க முடியுமா? அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரை அதில் இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். நெற்றியைப் பொறுத்தவரை, சாதியைக் காட்டும் குறி எது, பாட்டி பூசிவிட்ட திருநீறு எது என்று பார்த்துப் பிரிக்கும் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும்.

கேள்வி: ‘தன்னம்பிக்கைப் பேச்சு’ என்று அழைத்துவந்து ஆன்மிகம் பேச வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை கிடைத்தால் என்ன குறை?
– சுயஉதவிக் குழுத் தலைவி, விழுப்புரம்

பதில்: 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் நடந்தது நினைவிருக்கிறதா? வெளியிலிருந்து வந்த பேச்சாளர் போன பிறவிப் பாவம், மறுபிறவி என்று பேசினார். உடற்குறைகளுக்கும் முற்பிறவி வினைதான் காரணம் என்ற பொருளில் பேச்சு போனது. அங்கேயே எழுந்து கேள்வி கேட்டவர் பார்வைச் சவால் கொண்ட ஆசிரியர். காணொளி பரவி, செப்டம்பரில் பேச்சாளர் கைதானார்.

கைதைவிட அந்த ஆசிரியர் எழுந்து நின்றதே எனக்குப் பெரிது. கால் வளைந்த ஒரு சிறுமி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், தன் கால் தன் பாவத்தின் கணக்கு என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். வீட்டில், கோயிலில் ஒருவர் எதை வேண்டுமானாலும் நம்பலாம். அரசுப் பள்ளியின் மைக்கில் அதைச் சொன்னால் அது பாடம் ஆகிவிடுகிறது. நாலு நல்ல வார்த்தையைச் சொல்லப் பள்ளியிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: மதம் இல்லாமல் ஒழுக்கம் எங்கிருந்து வரும்?
– தாத்தா ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: ஐயா, உங்கள் வீட்டில் மதத்திலிருந்து வரலாம். அதில் எனக்கு மரியாதை உண்டு. பள்ளியில் அது வேறு இடங்களிலிருந்து வருகிறது. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவில் யார் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். தட்டைத் தட்டோடு வைத்துச் சாப்பிட்டதுதான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய நீதிபோதனை வகுப்பு. குறளும் இருக்கிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் ஆறு முதல் பன்னிரண்டு வகுப்பு வரை சேர்க்க வேண்டும் என்று 2016இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. பொய் சொல்லாதே, களவு செய்யாதே, பிறன் துன்பம் உன் துன்பம் என்பதற்குப் பிள்ளையின் மதத்தைக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: மதத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழ் நடத்த முடியுமா? எங்கள் பாடத்தில் பாதி பக்தி இலக்கியம்.
– தமிழாசிரியர், சிதம்பரம்

பதில்: முடியாது, ஒதுக்கவும் வேண்டாம். மதத்தைப் ‘பற்றி’ச் சொல்லித் தர இந்த நாட்டிலேயே சிறந்த இடம் உங்கள் தமிழ் வகுப்புதான். தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் ஒரு பக்கம். பௌத்தத்தின் மணிமேகலை ஒரு பக்கம். சமணத்தின் சீவக சிந்தாமணி. நபிகள் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கிய உமறுப்புலவரின் சீறாப்புராணம். இத்தாலியிலிருந்து வந்து சூசையப்பரைத் தமிழில் நாயகனாக்கிய வீரமாமுனிவரின் தேம்பாவணி. இத்தனை மதங்கள் பேசிய மொழி நமக்கு வாய்த்திருக்கிறது. அப்துல்லா தேம்பாவணியை ஒப்பிக்கிறான், ஆரோக்கியமேரி திருவாசகத்துக்குப் பதம் பிரிக்கிறாள். யாரும் மதம் மாறுவதில்லை; எல்லோரும் தமிழில் தேர்ச்சி பெறுகிறார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். குருநானக்கின் வாழ்வையும் போதனையையும் கற்பதும் ஆராய்வதும் மதபோதனை ஆகாது என்று 1971இல் பஞ்சாப் வழக்கிலும், மதங்களைப் பற்றிய கல்வி மதபோதனையிலிருந்து வேறு என்று 2002இல் அருணா ராய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: எங்கள் இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். சாதாரண தரப் பரீட்சையிலும் உண்டு. அதனால் பிள்ளைகள் கெட்டுப் போனார்களா?
– அதிபர், வவுனியா

பதில்: கெட்டுப் போகவில்லை. அங்கே சைவம், பௌத்தம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று அவரவர் சமயத்துக்கு அரசே பாடநூல் தருகிறது. யாரையும் அடுத்தவர் சமயத்தில் உட்கார வைப்பதில்லை என்பது நேர்மையான ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆழமான வேரும் உண்டு. மிஷன் பள்ளிகளுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய மண் அது.

என் ஆதங்கம் ஒன்றுதான், அதிபர் அவர்களே. பல சமயப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் அந்தப் பாடவேளை வந்ததும் கணிதமும் தமிழும் சேர்ந்து படித்தவர்கள் பிரிந்து போகிறார்கள். பதினொரு ஆண்டுகள் முடிந்த பிறகும் பக்கத்துப் பெஞ்சுத் தோழி ஏன் நோன்பு பிடிக்கிறாள் என்பதைப் பாடநூல் சொல்லித் தந்திருக்காது. போரில் இத்தனை இழப்புகளைப் பார்த்த நாடு, ஓர் ஆண்டுக்காவது அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் மாற்றிப் படிக்க வழி செய்யலாம்.

கேள்வி: மிஷன் பள்ளிகள் இல்லாவிட்டால் நம்மில் பலர் படித்தே இருக்க மாட்டோம். அவர்களைக் குறை சொல்லலாமா?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: நன்றி முதலில். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் பள்ளி 1824இல் தொடங்கியது. மற்றவர்கள் வாசலில் நிறுத்திய பிள்ளைகளை உள்ளே அழைத்தவர்கள் இவர்கள். அந்தக் கடன் தீராது.

நானும் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவன்தான். மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும், நாங்கள் நீதிபோதனைக்கும் போவோம். எங்கள் வகுப்பில் கதை சொன்ன சிஸ்டர் ஒருநாளும் எங்களை மாற்றப் பார்க்கவில்லை. இரு வகுப்பு வைத்த அந்த ஏற்பாடுதான் சட்டம் எதிர்பார்ப்பதும். எந்த நிர்வாகமானாலும் அதற்குக் குறையாமல் நடந்தால் போதும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் சரஸ்வதி பூஜை கொண்டாடலாமா? விஜயதசமியில் சேர்க்கை நடத்துகிறார்களே?
– சத்துணவு அமைப்பாளர், தேனி

பதில்: விஜயதசமி அன்று பள்ளியைத் திறந்து சேர்க்கை நடத்தச் சொல்லிக் கல்வித் துறையே அறிவித்த ஆண்டுகள் உண்டு. அந்த நாளில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் விரும்பினால் வாசல் திறந்திருக்கட்டும். அன்று நெல்லில் எழுத வைப்பது வீட்டில் நடக்கட்டும். அரசுப் பணத்தில், பாடநேரத்தில், எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்திப் பூஜை செய்வது வேண்டாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் சுண்டல், பிரியாணி, கேக் மூன்றையும் பகிர்ந்து தின்னட்டும்.

கேள்வி: பிள்ளையைச் சேர்க்கும்போது மதம், சாதி எழுதியே ஆக வேண்டுமா?
– இளம் தம்பதி, திருப்பூர்

பதில்: வேண்டியதில்லை. அந்த இடத்தை நிரப்பாமல் விடவோ ‘இல்லை’ என்று எழுதவோ 1973இலேயே தமிழ்நாடு அரசாணை இடம் கொடுத்திருக்கிறது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். இடஒதுக்கீடு தேவைப்படும் குடும்பம் சாதிச் சான்றிதழை விடக் கூடாது என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள்.

கேள்வி: சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போனால் மதத்தைப் ‘பற்றி’க் கற்பார்கள்?
– சமூக அறிவியல் ஆசிரியர், திருவாரூர்

பதில்: பக்கத்து மாவட்டம் போதும். நாகப்பட்டினத்தைச் சுற்றி ஒரே நாளில் சிக்கல் சிங்காரவேலர் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மூன்றையும் பார்க்கலாம். நான்காவது ஒன்று கண்ணுக்குத் தெரியாது: ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம். அது இன்று இல்லை. அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடல் தாண்டி வந்த அரசனின் புத்தருக்குச் சைவச் சோழன் ஊரைத் தானம் கொடுத்தான் என்பதை அந்த இடத்திலேயே நின்று சொல்லுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு சிறுவன், “டீச்சர், எந்தச் சாமி பெரியது?” என்று கேட்டான். எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, பட்டுக்கோட்டை

பதில்: “உன் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுவீர்கள், எப்படிக் கும்பிடுவீர்கள் என்று எங்களுக்குச் சொல்லு” என்று கேளுங்கள். அடுத்தவளிடமும் கேளுங்கள். சாமியே கும்பிடாத வீட்டுப் பிள்ளை இருந்தால், அவனுக்கும் அதே நேரம் கொடுங்கள். எது பெரியது என்று நீங்கள் சொன்னால் ஒரு பிள்ளை ஜெயிக்கும், மற்ற எல்லாப் பிள்ளைகளும் தோற்கும். எல்லோரையும் பேச வைத்தால் அன்று மாலை நாற்பது வீடுகளுக்கு நாற்பது கதைகள் போகும்.

கேள்வி: பெற்றோராகிய நாங்கள் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம்?
– ஆட்டோ ஓட்டுநர், ஆவடி

பதில்: தம்பி, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் பிள்ளைக்காகப் பேசும் முன், உங்கள் மதத்தைச் சேராத ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, “காலைக் கூட்டத்தில் இவள் எங்கே நிற்கிறாள்?” என்று கேளுங்கள். அவளும் வரிசையில், உங்கள் மகளின் தோளோடு தோள் நின்றால், அந்தப் பள்ளி சரியாக நடக்கிறது. ஓரமாக நின்றால், அவளுக்காக முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான்.